லண்டனில் இரண்டு அங்குலம், துபாயில் தூக்கமில்லை

கேள்வி: நான் லண்டன் ஹரோவில் வளர்ந்தவன். எட்டு வருடமாகத் துபாயில் வேலை. அப்பா காலமான பிறகு, 76 வயது அம்மா பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். இங்கே வந்து இருங்கள் என்றால் கேட்பதில்லை. போன குளிர்காலத்தில் ஒருநாள் ஸ்னோ கொட்டியது. இரண்டு அங்குலம்கூட இருக்காது. பஸ் இல்லை, உதவிக்கு வரும் பெண் வரவில்லை, மறுநாள் பாய்லரும் நின்றுவிட்டது. நான் இங்கே ஏசி அறையில் இருந்துகொண்டு ஒரே நாளில் பத்துத் தடவை போன் செய்தேன். "எனக்கு ஒண்டுமில்லை ராசா, நீ உன்ர வேலையைப் பார்" என்பதுதான் பத்துத் தடவையும் பதில். ஓடிப் போகலாம் என்றால் ஹீத்ரோ விமானங்கள் ரத்து. டொரன்டோவில் இருக்கும் சித்தப்பாவோ, "இதுக்கெல்லாமா ஒரு ஊர் நிக்கும்?" என்று சிரிக்கிறார். உண்மையிலேயே ஏன் நிற்கிறது? அடுத்த முறை இங்கிருந்து நான் என்னதான் செய்வது?

– பெயர் வேண்டாம், துபாய்

பதில்: தம்பி, சித்தப்பாவின் சிரிப்புக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லண்டன் வீடுகளில் முப்பது வருடம் பாய்லரும் ரேடியேட்டரும் பழுதுபார்த்துப் பிழைத்தவன் நான். டொரன்டோ உறவுகள் இப்படிச் சிரிக்காமல் எனக்கு ஒரு குளிர்காலமும் கழிந்ததில்லை.

மைனஸ் பத்தில் டொரன்டோவில் விழுகிற ஸ்னோ இடித்த மாவு மாதிரி, தள்ளினால் ஒதுங்கும். லண்டனில் விழுவது பூச்சியத்தை ஒட்டி நிற்கும் ஈர ஸ்னோ. பகலில் ஒரு டிகிரி ஏறினால் உருகும், இரவில் இரண்டு டிகிரி இறங்கினால் இறுகும். விடியும்போது நடைபாதையில் கண்ணுக்கே தெரியாத ஒரு கண்ணாடித் தகடு கிடக்கும். பஸ் சறுக்குவதும் பாட்டிமார் இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வதும் அதன் மேல்தான். மைனஸ் பத்தில் இருக்கும் ஊரைவிட, பூச்சியத்தில் ஊசலாடும் ஊருக்குத்தான் சங்கடம் அதிகம்.

(நம் மொழியில் மார்கழி விடியலில் புல்மேல் நிற்பதும் பனி, இமயமலையில் கிடப்பதும் பனி. குழப்பம் வேண்டாமென்று நீங்கள் எழுதியபடியே ஸ்னோ என்கிறேன்.)

இன்னொன்றும் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். வரைபடத்தில் லண்டன் டொரன்டோவுக்கு நிறையவே வடக்கே, 51 டிகிரியைத் தாண்டி இருக்கிறது. அட்லாண்டிக் கடலைத் தடவிக்கொண்டு மேற்கிலிருந்து வரும் காற்றுதான் அதைக் காப்பாற்றிவருகிறது. ஜனவரிப் பகலில்கூட ஏழெட்டு டிகிரி இருக்கும். எப்போதாவது காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து, ரஷ்யப் பக்கமிருந்து, வட கடலைத் தாண்டி வீசும். அந்த நாட்களில்தான் இந்தக் கூத்தெல்லாம். சில வருடம் வராது. வந்தாலும் இரண்டு மூன்று நாள். அதற்காக ஸ்னோ தள்ளும் வண்டிகளை நூற்றுக்கணக்கில் வாங்கி நிறுத்தி, ஆளும் வைத்திருக்க எந்தக் கவுன்சில் காசு ஒதுக்கும்? ஸ்வீடனில் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். பிரிட்டனில் அப்படி இல்லை. அங்கே பெரும்பாலான கார்களில் இருப்பது ஏழு டிகிரிக்குக் கீழே ரப்பர் விறைத்துப்போகும் சாதாரண டயர்தான்.

2009 பிப்ரவரி 2, திங்கட்கிழமை. 1991க்குப் பிறகு லண்டன் பார்த்த பெரிய ஸ்னோ. நகரம் முழுவதும் பஸ்களை நிறுத்திவிட்டார்கள். ஹிட்லர் குண்டு போட்ட இரவுகளில்கூட ஓடிய பஸ்கள் என்று பத்திரிகைகள் அங்கலாய்த்தன. உப்புத் தூவவில்லையா என்று கேட்பீர்கள். செஷயர் சுரங்கத்திலிருந்து வெட்டியெடுக்கும் அந்தப் பழுப்பு நிறக் கல் உப்பு, தூவியவுடன் வேலை செய்யாது. அதன்மேல் வண்டிகள் ஓடி அரைத்துக் கரைக்க வேண்டும். ஞாயிறு இரவில் ஆளில்லாத தெருவில் யார் ஓட்டுவது? ரயிலுக்கு வேறு கதை. பாதாள ரயில் என்று பெயர்தானே தவிர, பாதிக்கு மேல் வெட்டவெளியில்தான் ஓடுகிறது. உங்கள் ஹரோப் பக்கம் எல்லாமே வெளியே. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தரையோடு கிடக்கும் கம்பியிலிருந்துதான் அது மின்சாரம் எடுக்கிறது. கம்பியில் ஐஸ் படிந்தால் வண்டிக்கு மின்சாரம் எட்டாது.

1991இல் நடந்தது இன்னும் வேடிக்கை. அந்த முறை வழக்கத்துக்கு மாறாக லண்டனிலும் மாவு போன்ற ஸ்னோ விழுந்து, ரயில் மோட்டார்களுக்குள் புகுந்துவிட்டது. இந்த வகை ஸ்னோதான் எங்களுக்குச் சிக்கல் என்று ரயில்வே அதிகாரி வானொலியில் விளக்கினார். பத்திரிகைகள் அதை "தப்பான ஸ்னோ" என்று மாற்றிப்போட, நாடே சிரித்தது. முப்பது வருடம் தாண்டியும் சாக்குச் சொல்கிறவனைக் கேலி செய்ய ஆங்கிலேயர் அதைத்தான் எடுக்கிறார்கள். பாவம் அந்த அதிகாரி, அவர் சொன்னது உண்மை.

நீங்கள் துபாயில் இருப்பவர், உங்களுக்கு இது புரியாதா? 2024 ஏப்ரல் 16ஐ நினைத்துப் பாருங்கள். அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் ஒரு நாளைக்குள் 254 மில்லிமீட்டர் மழை. துபாய் விமான நிலையத்தில் ஒரு வருடத்து மழைக்கும் மேலே ஒரே நாளில் கொட்டி, விமானங்கள் ஓடுபாதைத் தண்ணீரில் மிதப்பது போல நகர்ந்தன. கடலூரில் அடைமழை பார்த்து வளர்ந்தவன் அன்று துபாயைப் பார்த்துச் சிரித்திருப்பான். வடிகால் போடாத ஊருக்கு மழை எப்படியோ, லண்டனுக்கு ஸ்னோ அப்படி.

சரி, அம்மாவுக்கு வருவோம்.

ஸ்னோ விழுகிற காலை அம்மாவுக்கு ஆபத்து குறைவு. வெளியே போக முடியாது, வீட்டுக்குள் இருப்பார், ஜன்னல் வழியே தெரு அழகாகக்கூட இருக்கும். நீங்கள் பத்துத் தடவை போன் செய்தது அந்த நாளில். கவனிக்க வேண்டியவை இரண்டாவது, மூன்றாவது நாட்கள்.

ஏன் என்பதற்கு ஒரு வீட்டைச் சொல்கிறேன். 2010 டிசம்பர், நூறு வருடத்தில் அப்படியொரு குளிர் டிசம்பர் வந்ததில்லை. வெம்பிளியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கூப்பிட்டார். போனேன். மூன்று ஸ்வெட்டர், அதற்கு மேலே ஒரு சேலைத் தலைப்பு. சமையலறையில் கேஸ் ஓவன் கதவைத் திறந்துவிட்டு, அதன் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு இரவாக இப்படித்தானாம். பாய்லர் களக் களக்கென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுபோயிருக்கிறது. மேசையில் இருந்த போனில் சிட்னியிலிருந்து மகன் அனுப்பிய கடற்கரைப் படம்; பேரப்பிள்ளைகள் மணலில். "பிள்ளைக்குச் சொல்லிப் போடாதையும் தம்பி, அவன் அங்க இருந்துகொண்டு என்ன செய்யிறது?"

முதலில் அந்த ஓவனை அணைத்து ஜன்னலைத் திறந்தேன். பூட்டிய அறையில் கேஸ் ஓவனை அப்படி எரியவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. பிறகு பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்தேன். பாய்லரிலிருந்து வெளியே வந்து சாக்கடைக்கு இறங்கும் பெருவிரல் பருமன் பிளாஸ்டிக் குழாய். அதன் நுனியில் ஒரு ஐஸ் விரல் தொங்கியது. அவ்வளவுதான் பழுது.

2005இலிருந்து இங்கிலாந்தில் புதிதாகப் போடும் பாய்லர்கள் ஏறக்குறைய எல்லாமே புகையின் சூட்டையும் விடாமல் உறிஞ்சும் வகை. புகை குளிரும்போது தண்ணீர் சொட்டும். சொட்டுச் சொட்டாக அந்தக் குழாய் வழியே வெளியேறும் தண்ணீர் கடுங்குளிரில் குழாய்க்குள்ளேயே உறைந்துவிட்டால், தண்ணீர் பின்னுக்குத் தேங்கி பாய்லர் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். கேத்திலில் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி (கொதிக்கக் கொதிக்க அல்ல, பிளாஸ்டிக் வெடிக்கும்) மெதுவாகக் குழாய்மேல் ஊற்றினேன். ஐஸ் கழன்று விழுந்தது. பாய்லரில் ரீசெட் பொத்தானை அழுத்தினேன். பத்து நிமிடம். அவர் இரண்டு இரவு கதிரையில் இருந்தது அந்தப் பத்து நிமிட வேலைக்கு.

உங்கள் அம்மாவின் பாய்லரும் மறுநாள் நின்றது என்கிறீர்கள். பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனால் என் சந்தேகம் அந்தக் குழாய்மேல்தான். அக்டோபரிலேயே ஒரு ஆளை அனுப்பி, வெளியே ஓடும் பகுதிக்குப் பருமனான குழாய் மாற்றி, நுரை உறை போட்டுவிடச் சொல்லுங்கள். ஜனவரியில் கூப்பிட்டால் ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் எங்களவர்கள் கேட்கும் கூலி உங்களுக்குப் பிடிக்காது.

அதே ஆளிடம் ஸ்டாப்காக் எங்கே என்றும் கேட்டு, திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் வரும் தண்ணீரை மொத்தமாக மூடும் அந்தத் திருகி பெரும்பாலும் சமையலறை சிங்க்கின் கீழே, பிளாஸ்டிக் பைகளுக்குப் பின்னால் இருக்கும். பல வீடுகளில் இருபது வருடம் யாரும் தொடாமல் இறுகிப்போயிருக்கும். தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பருக்கும். அப்போதே குழாய் பிளந்துவிடும். ஆனால் ஐஸ் அடைத்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. வெயில் வந்து, அப்பாடா என்று நீங்களும் போனை வைத்த பிறகுதான் கூரையிலிருந்து ஊற்றும். 2018 மார்ச்சில் கிழக்குக் காற்று அடங்கி ஸ்னோ உருகியபோது தெருக் குழாய்களுக்கே இது நடந்தது. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் இல்லை. லண்டனும் தப்பவில்லை.

இதற்காகவே ஒரு பதிவேடு இருக்கிறது: பிரயாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர். வயதானவர்கள், நோயாளிகள் பெயர் கொடுத்தால், மின்வெட்டிலும் தண்ணீர் நின்றாலும் முதலில் அவர்களைக் கவனிப்பார்கள். தண்ணீர்ப் போத்தல் வாசலுக்கே வரும். இலவசம். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் தனித்தனியாகப் பெயர் கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். மின்சாரம் போனால் 105, கேஸ் வாசனை வந்தால் 0800 111 999. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். உங்கள் போனில் சேமித்துப் பயனில்லை, அங்கே இருப்பவர்தான் அடிக்க வேண்டும்.

ஆகவே உங்களுக்குத் தேவை பக்கத்து வீட்டுக்காரரின் எண். குஜராத்திக்காரரோ போலந்துக்காரரோ, யாராக இருந்தாலும் அடுத்த முறை லண்டன் போகும்போது ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு கதவைத் தட்டுங்கள். வாசலில் ஸ்னோ தள்ள அவர் வீட்டுப் பையனுக்குக் காசு கொடுங்கள். அம்மா ஷவலைத் தொடக் கூடாது. சுத்தம் செய்த பாதையில் யாராவது விழுந்தால் வழக்குப் போடுவான் என்று நம் ஆட்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். கவனமாகச் செய்தால் அப்படி நடக்க வாய்ப்பில்லை என்று அரசாங்கமே சொல்கிறது. சாப்பாட்டு உப்பைத் தூவினால் போதும். பாதையில் மட்டும் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டாம், அது உறைந்து இன்னும் மோசமாகும்.

விமானம் ஏறாததற்காக வருந்தாதீர்கள். ஹீத்ரோவின் இரண்டு ஓடுபாதைகளும் சாதாரண நாளிலேயே ஏறக்குறைய முழுக் கொள்ளளவில் ஓடுகின்றன. கொஞ்சம் தாமதித்தாலும் சமாளிக்க இடமில்லை, ரத்து செய்யத்தான் வேண்டும். நீங்கள் போய் இறங்கும்போது ஸ்னோவும் உருகியிருக்கும். அம்மா மனம் மாறிக் குளிர்காலத்தில் துபாய் வர ஒத்துக்கொண்டால், ஹீட்டிங்கை முழுவதும் அணைத்துவிட்டு வர விடாதீர்கள். பன்னிரண்டு டிகிரியிலாவது ஓடட்டும். வீட்டுக் காப்புறுதியையும் படியுங்கள். முப்பது நாளோ அறுபது நாளோ ஆளில்லாமல் கிடந்தால் குழாய் வெடிப்புக்குப் பணம் தராத பாலிசிகள் உண்டு.

வெயில் நாட்டில் இருப்பவனுக்கு அங்கத்திய குளிர் புரியுமா என்று மனம் குத்துகிறது உங்களுக்கு, கடிதத்தில் தெரிகிறது. அரசாங்கத்துக்கே அதில் தெளிவு கிடையாது தம்பி. வெளிநாடு போன ஓய்வூதியர்களுக்குத் தந்த குளிர்கால எரிபொருள் பணத்தை, வெப்ப நாடுகளில் இருப்பவர்களுக்கு 2015இல் நிறுத்தினார்கள். ஸ்பெயின், சைப்ரஸ், கிரீஸ் சரி. பிரான்சையும் சேர்த்தார்கள். கரீபியக் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவுகளின் வெயிலையும் கூட்டிச் சராசரி எடுத்ததால், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த ஆங்கிலேயக் கிழவரும் வெப்ப நாட்டுக்காரர் ஆகிவிட்டார்!

அடுத்த ஸ்னோவில் பத்துத் தடவை வேண்டாம், இரண்டு தடவை போன் செய்யுங்கள். துபாயில் காலை பதினொரு மணி என்றால் அங்கே ஏழு. முதல் அழைப்பு அப்போது. சுகமா என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் உங்களுக்கே தெரியும். "ரேடியேட்டரில கையை வைச்சுப் பாருங்கோ அம்மா, சுடுதா?" என்று கேளுங்கள். போனைக் கையில் பிடித்தபடியே எழுந்துபோய்த் தொட்டுச் சொல்லட்டும். ஸ்னோ நின்ற பிறகும் மூன்று நாளைக்கு இதே கேள்வி.

பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி, பின்சுவர்க் குழாயை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இதழ் முகவரிக்கு அனுப்பினால், உறை போட்டால் போதுமா, குழாயையே மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.