மெல்லிய சுவர்களால்தான் மூச்சு சீராகிறது

ஈரச்சந்தைக்கு நடக்கும்போதோ மேம்பாலப் படிகளில் ஏறும்போதோ முன்பைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறதா? "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள்.

நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது?

நாம் உள்ளே இழுக்கும் காற்று, நுரையீரலில் கோடிக்கணக்கில் உள்ள மிகச் சிறிய காற்றுப்பைகளைச் சென்றடைகிறது. அவை அனைத்தையும் விரித்து வைத்தால், ஏறக்குறைய ஒரு மூவறை வீவக வீட்டின் தரையளவு இருக்கும்.

ஒவ்வொரு காற்றுப்பையையும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் வலைபோலச் சூழ்ந்துள்ளன. காற்றுப்பையின் சுவரும் இரத்தக்குழாயின் சுவரும் மிக மெல்லியவை. பெரும்பாலான இடங்களில் இரண்டும் சேர்ந்தாலும், ஒரு தாளின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இராது. இதன் வழியாகப் பிராணவாயு இரத்தத்தில் கலக்கிறது. கரியமில வாயு வெளியேறுகிறது.

நடக்கும்போது மட்டும் மூச்சு வாங்குவது ஏன்?

ஓய்வாக இருக்கும்போது, இரத்தம் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் காற்றுப்பையைக் கடக்கிறது. சுவர் மெல்லியதாக இருந்தால், பிராணவாயுவைப் பெற அதில் மூன்றில் ஒரு பங்கு நேரமே போதும். படி ஏறும்போது இரத்தம் வேகமாக ஓடுவதால் நேரம் குறைகிறது. சுவர் தடித்திருந்தால் அந்த நேரம் போதாது. எனவே, உட்கார்ந்திருக்கும்போது தெரியாத குறை, நடக்கும்போது தெரிகிறது.

பாதிப்பு எதனால் ஏற்படலாம்?

• புகைபிடித்தல்: காற்றுப்பைகளின் சுவர்கள் சிதைந்து, வாயுக்கள் மாறும் பரப்பு குறைகிறது.
• நுரையீரல் தழும்பு: சுவர்கள் தடித்துவிடுகின்றன.
• நிமோனியா: காற்றுப்பைகளில் நீரும் சீழும் நிரம்புகின்றன.
• இதயம் பலவீனமடைதல்: நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

• புகைப்பதை நிறுத்துங்கள். சிதைந்த சுவர்கள் மீண்டும் வளரமாட்டா. ஆனால் எஞ்சியவற்றைக் காக்கலாம்.
• 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், சளிக்காய்ச்சல், நிமோகோக்கல் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.
• புகைமூட்டம் மோசமாக உள்ள நாள்களில் வெளியில் கடினமான வேலைகளைத் தவிர்த்திடுங்கள்.
• எவ்வளவு தூரம் நடந்தால், எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று கவனித்து, உங்கள் குடும்ப மருத்துவரிடம் அல்லது பலதுறை மருந்தகத்தில் சொல்லுங்கள்.

உடனே 995-ஐ அழையுங்கள்

திடீரெனக் கடும் மூச்சுத்திணறல் ஏற்பட்டால், நெஞ்சு வலித்தால், அல்லது உதடுகள் நீலம் பூத்தால் காத்திருக்க வேண்டாம்.