காணிக்காரர் தந்த பாடம்

எங்கள் பாறசாலைக்கு வடகிழக்கே அகத்தியமலை உயர்ந்து நிற்கிறது. அங்கே பிறக்கும் நெய்யாறு நெய்யாற்றின்கரையைத் தழுவிக் கடல் சேர்கிறது. அம்மலைக் காட்டில் 128 சதுர கிலோமீட்டர் பரப்பு 1958-ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் புகலிடமாயிற்று. காடு அரசுடையது. ஆனால், அதன் இலையையும் வேரையும் நன்கறிந்தோர் யார்? அங்கே வழிவழியாக வாழும் காணிக்காரர் அல்லரோ?

1987-ஆம் ஆண்டு புஷ்பாங்கதன் தலைமையில் அறிஞர் குழுவொன்று அம்மலை ஏறியது. அறிஞர்கள் களைத்தனர், வழிகாட்டிச் சென்ற காணிக்காரரோ சிறு காய்களைத் தின்று சோர்வின்றி நடந்தனர். நிழலில் வளரும் ‘ஆரோக்கியப் பச்சை’ என்னும் சிறு செடியின் காய்கள் அவை. பின்னர், பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரப் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அச்செடியிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை ஆக்கியது. 1995-ஆம் ஆண்டு அதைச் செய்யும் உரிமை கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டுகளுக்கு அளிக்கப்பட்டது. உரிமைத் தொகை பத்து இலட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. இவற்றில் சரிபாதி காணிக்காரருக்கு என்று நிலையம் முடிவு செய்தது. அதனைப் பெறுவதற்காக 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது.

அறிவைத் தந்தவருக்குப் பங்கு! போற்றத்தக்க செயல் இது. எனினும் ஒரு முட்டுக்கட்டை எழுந்தது. மருந்துக்கு வேண்டியது இலை. அதைப் பயிரிட்டு விற்கக் காணிக்காரர் முன்வந்தபோது வனத்துறை இசையவில்லை. காட்டிலுள்ள அரிய செடியே பறிபோகுமோ என்பது அத்துறையின் அச்சம். அந்த அச்சத்தைப் பொருளற்றது என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் விளைவு என்ன? பணத்தில் பங்கு கிடைத்தது. இலையைத் தொட உரிமை கிடைக்கவில்லை.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்கு வழி காட்டுகிறது. மரபாகச் சேகரிக்கும் சிறு வனப்பொருள்கள் மீதும், வழிவழி அறிவின் மீதும் காட்டுவாழ் மக்களுக்கு அது உரிமை வழங்குகிறது. காட்டைக் காக்கும் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்படைக்கிறது. காவலும் பயனும் ஒரே கையில் இருந்தால்தான் காடு நிலைக்கும் என்பது என் துணிபு. தன் பிழைப்பு எந்தச் செடியில் இருக்கிறதோ, அந்தச் செடியை எவன் வேரோடு பிடுங்குவான்?

அறிவியல் பயிலும் நாம் இலை சேகரிக்கக் காட்டுக்குச் செல்கிறோம். செடியின் பெயரைக் குறித்துக்கொள்கிறோம். அதைச் சொல்லித் தந்தவரின் பெயரைக் குறிப்பதில்லை. இனியேனும் நம் குறிப்பேட்டில் அதற்கும் ஒரு வரி ஒதுக்குவோம்.