அளவறிந்து அணிதல்

தென்பெண்ணையாற்றங்கரையில் அமைந்தது மூங்கில்துறைப்பட்டு. கரும்பு வயல்களும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அவ்வூரின் அடையாளங்கள். அங்கிருந்து நகரத்து நிறுவனத்தில் பணியேற்கச் செல்லும் இளைஞனுக்குக் கோட்டும் காற்சட்டையும் தேவைப்படலாம். கரும்பு விற்ற பணத்தில் தந்தை வாங்கித் தரும் அவ்வுடை விலையால் அன்று, பொருத்தத்தால் சிறத்தல் வேண்டும்.

விலை மிகுந்த உடையே மதிப்புத் தரும் என்னும் மயக்கம் பெரியோரையும் இளமையில் பற்றியதுண்டு. 1888ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டன் சென்ற காந்தியடிகள், பாண்டு தெருவில் மாலையுடை ஒன்றிற்குப் பத்துப் பவுன் செலவிட்டார். அது வீண்செலவு என்று பின்னாளில் தம் வரலாற்றில் அவரே எழுதினார்.

பொருத்தத்தை அறிவது எங்ஙனம்? முதலில் தோளை நோக்குக. கோட்டின் தோள் தையல், தோளின் முனையில் அமைதல் வேண்டும். அங்குள்ள பிழையைத் திருத்துவது தேர்ந்த தையற்காரருக்கும் அரிது. கையின் நீளமும் காற்சட்டையின் நீளமும் எளிதில் திருத்தத்தக்கவை. பொத்தானிட்டபின் வயிற்றின் குறுக்கே சுருக்கம் விழுமாயின், கோட்டு இறுக்கமானது என்று அறிக.

மாணவர்களே! கடன்பட்டு வாங்கிய பொருந்தா உடையினும், அளவறிந்து தைத்த எளிய உடையே பெருமை தரும். பெற்றோரின் உழைப்பை உணர்ந்து செலவிடுதலே உண்மையான நாகரிகம்.