ஆச்சியின் வாழ்க்கைக் குறிப்பு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, பெரியம்மா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. அடுத்த மாதம் ஆச்சியின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனையில் வாழ்க்கைக் குறிப்பை நீதான் வாசிக்கவேண்டும் என்று மாமா சொல்லிவிட்டதாகவும், இரண்டு நாள் உட்கார்ந்தும் அரைப் பக்கத்தைத் தாண்டவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், ஆறு பிள்ளைகள், கர்த்தருக்குள் நித்திரை. "ஆச்சி எந்தப் பதவியிலும் இருந்ததில்லையே, பெரியம்மா. இதற்கு மேல் என்ன எழுத?" என்று கேட்கிறாய்.

நீ எழுதிய அரைப் பக்கத்தில் 'பக்தியுள்ள', 'அன்பான', 'முன்மாதிரியான' என்ற வார்த்தைகள் ஏழு இடங்களில் வருகின்றன. அவற்றை அடித்துவிடு. நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தைக் கடைசியில் சேர்த்திருக்கிறாய். நம் ஊரில் அது இல்லாத நினைவு அட்டை இல்லை. ஆனால் அந்த அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார். அங்கே அந்தப் பெண் வயல் வாங்குகிறாள், நூல் நூற்கிறாள், விடியுமுன் எழுந்து வீட்டாருக்குச் சாப்பாடு கொடுக்கிறாள், ஏழைக்குக் கை நீட்டுகிறாள். அவள் செய்த வேலைகளை எல்லாம் எண்ணிச் சொன்ன பிறகுதான் பிள்ளைகளும் கணவனும் அவளைப் புகழ்கிறார்கள். நீயும் அப்படியே எண்ணு.

கலயத்திலிருந்து தொடங்கு. தினமும் உலையில் அரிசி போடுமுன் ஆச்சி ஒரு கைப்பிடி எடுத்து அடுப்படிக் கலயத்தில் போடுவாள். உழக்கால் அளந்த பிறகுதான் எடுப்பாள். ஆகவே அந்தப் பிடி எங்கள் எட்டுப் பேர் சோற்றிலிருந்தே போனது. தாத்தாவுக்கு வேலை இல்லாத வருஷத்திலும் அது நிற்கவில்லை. ஒரு பிடிக்கு 50 கிராம் என்று வைத்துக்கொள். 1950-இல் கல்யாணமாகி வந்ததிலிருந்து அடுப்படியை விட்ட 2018 வரை 68 வருஷம். 1,200 கிலோவுக்கு மேல் வருகிறது.

அந்த அரிசி எங்கே போயிற்று என்பதையும் எழுது. ஞாயிற்றுக்கிழமை ஓலைப்பெட்டியில் கோயிலுக்குப் போகும். பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் விற்றுப் பணமாக்குவார்கள். அதில் ஒரு பங்கு இந்திய மிஷனெரி சங்கத்துக்குப் போகும். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் நம் காணிக்கையால் நம் ஆட்களையே அனுப்புவோம் என்று 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய சங்கம் அது. தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் அதன் ஊழியம் ஆரம்பித்தது. அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். ஆச்சி தோர்ணக்கல்லைப் பார்த்ததில்லை. ஆனால் குடும்ப ஜெபத்தில் எங்கள் பெயர்களுக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரைச் சொல்லாமல் ஆமென் சொல்லமாட்டாள்.

அடுத்து அசனம், சபையார் கூடிச் சாப்பிடும் கோயில் விருந்து. அதற்கு எத்தனை மூட்டை அரிசி, எத்தனை ஆடு என்று சபைக் கமிட்டி தீர்மானிக்கும். அந்தக் கமிட்டியில் அன்று ஒரு பெண்கூட இல்லை. ஆனால் முந்தின நாள் மாலையில் யாராவது ஒருவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "இது போதுமா அக்கா?" என்று ஆச்சியிடம் கேட்டுவிட்டுப் போவார். அவள் சொன்ன கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை. கமிட்டியில் பெண்கள் இல்லாததைப் பற்றி அவள் வாய் திறந்து குறை சொல்லவில்லை. அதனால் குறையே இருக்கவில்லை என்று நினைத்துவிடாதே. 2013-இல் புஷ்பா லலிதா நந்தியால் பேராயராகி, தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் ஆனபோது, பத்திரிகையில் வந்த படத்தை வெட்டித் தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டாள். இன்னும் அது அங்கேதான் இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் எழுது. எனக்கு அடுத்துப் பிறந்த தம்பி மூன்று வயதில் காய்ச்சலில் போனான். அதன்பின் ஒரு லெந்துகாலம் முழுவதும் ஆச்சி கோயிலில் பாடவில்லை. கடைசி வரிசைக்குப் போய்ப் பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆனால் ஒரு ஞாயிறும் போகாமல் இருந்ததில்லை. அதற்குப் பிறகுதான் அவள் துக்க வீடுகளுக்குப் போக ஆரம்பித்தாள். எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்கமாட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்த வீடென்றால் போய்த் தாயின் பக்கத்தில் உட்காருவாள். வசனம் சொல்லமாட்டாள். மூன்றாம் நாள் கஞ்சி கொண்டுபோவாள், பத்தாம் நாளும் போவாள், எல்லாரும் மறந்த பிறகும் போவாள். அவள் விசுவாசம் ஆடவே இல்லை என்று எழுதினால் இந்த நடைக்கெல்லாம் அர்த்தம் போய்விடும்.

இதையெல்லாம் ஏன் எழுதிவைக்கவேண்டும் என்றும் சொல்கிறேன். பாளையங்கோட்டைக் கோட்டைக்குப் பக்கத்தில் கிளாரிந்தா கட்டிய கோயிலுக்கு உன்னைச் சின்ன வயதில் கூட்டிப்போயிருக்கிறேன். அவர் தஞ்சாவூரிலிருந்து வந்த விதவை. 1778-இல் மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780-இல் எழுதிய சபைப் பட்டியலில் உள்ள 40 பேரில் அவரும் ஒருவர். 1785-இல் கோயில் எழும்பியது. அவர் பெயர் நிலைத்தது நல்லது. ஆனால் அந்த வருஷத்திலிருந்து அந்தக் கோயிலைப் பெருக்கியவர்கள், திருவிருந்து மேஜை விரிப்பைத் துவைத்தவர்கள் பெயரை யாராவது எழுதிவைத்தார்களா? ஆச்சி அவர்களுடைய வரிசையில் வந்தவள். நீ எழுதாவிட்டால் அவளும் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு வரி, அடக்கப் புத்தகத்தில் ஒரு வரி என்று முடிந்துபோவாள்.

உன் வயதில் எனக்கும் பதவி பெரிதாகத் தெரிந்தது. நீ நாளை பெரிய வேலைக்குப் போவாய்; போகவேண்டும். ஆனால் தினம் ஒரு பிடி, யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், உன் பங்கிலிருந்து எடுத்து வைக்கிற பழக்கம் ஒன்று உனக்கு இருக்கட்டும். அது அரிசியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பாதே. சனிக்கிழமை ஊருக்குப் போய், ஆச்சியோடு அசனத்துக்கு அரிசி புடைத்தவர்களில் இன்னும் இருக்கிற மூன்று பேருக்கு வாசித்துக் காட்டு. அவர்கள் திருத்துவார்கள். ஆராதனையில் வாசிக்கும்போது வேகம் வேண்டாம், சத்தமாகப் படி. அவர்களுக்குக் காது மந்தம். கடைசி வரிசையில்தான் உட்காருவார்கள்.

அன்புடன்,
பெரியம்மா