யோபுவின் சிநேகிதனாக நான்

2015 டிசம்பர் 1-ம் தேதி மழையைப் பல்லாவரத்தார் மறக்கமாட்டோம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ.! அடையாறு பெருகி அனகாபுத்தூர் வீடுகளுக்குள் நுழைந்தது. அங்கே நம் சபை சகோதரி ஒருவரைப் பார்க்கப் போனேன். தையல் மிஷின், பீரோ, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் சேற்றில். உபவாச ஜெபத்தைத் தவறவிடாத குடும்பம் அது. நானோ, "குடும்பத்துல ஏதாவது குறை இருக்கா, ஆராய்ந்து பாரும்மா" என்றேன்.

"பாஸ்டர், தண்ணி தெரு முழுக்க வந்துச்சே. எல்லார் வீட்லயும் குறையா?"

அன்று இரவு யோபு 42-ம் அதிகாரத்தை வாசித்தபோது, நான் எலிப்பாஸ் பக்கம் நிற்பது தெரிந்தது. துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடித்த சிநேகிதர்மேல்தான் கர்த்தர் கோபங்கொண்டார். புலம்பிக் கேள்வி கேட்ட யோபுவின்மேல் அல்ல. ஏன் இந்தப் பாடு என்பதற்கு யோபுவுக்குக் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை, கவனித்தீர்களா? ஆனால் தன்னைக் குத்திப் பேசினவர்களுக்காக ஜெபிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டார். அப்போதுதான் அவர் நிலைமை மாறியது.

இரண்டு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். இரவல் மிஷினில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்காகத்தான் ஜெபிச்சிட்டிருந்தேன் பாஸ்டர்" என்றார்கள்.