இப்போது வாங்காதவருக்கும் எழுது

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். உன்னிடம் மனை விசாரித்தவர்களுக்கு மாதம் ஒரு மின்மடல் அனுப்பப்போவதாகச் சொல்லி, முதல் மடலை எனக்கு அனுப்பியிருந்தாய். யோசனை நல்லது, விடாமல் செய். ஆனால் நீ எழுதியிருப்பது நோட்டீஸ். ‘கடைசி 5 மனைகள்’, ‘ஞாயிறு வரை மட்டும் சலுகை’, ‘கிளாம்பாக்கம் பஸ் நிலையம் மிக அருகில்’. 2023 டிசம்பரில் அந்த நிலையம் திறந்த நாளிலிருந்து கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பக்கம் மனை விற்கிற எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

இன்று உன்னிடம் விலை கேட்கிறவர் பெண்ணின் கல்யாணத்தை முடிக்க வேண்டும், பி.எஃப். பணம் கைக்கு வர வேண்டும், வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷமும் ஆகலாம், ஐந்தும் ஆகலாம். அந்த நேரம் வரும்போது உன் பெயர் அவர் நினைவுக்கு வர வேண்டுமானால், இடைப்பட்ட காலத்தில் அவருக்கு நீ ஏதாவது பயன்பட்டிருக்க வேண்டும். அதனால் இப்போது வாங்காதவரை மனதில் வைத்து எழுது. கடைசியில் உன்னிடம் வாங்காமல் போனாலும் அந்த மடல் அவருக்கு உதவ வேண்டும்.

துபாய், சிங்கப்பூர் ஆட்கள் உன் பட்டியலில் நிறையப் பேர் என்றாய். பத்திரப் பதிவுக்கு அவர்களால் வர முடியாது, அப்பாவுக்கோ தம்பிக்கோ பவர் கொடுப்பார்கள். முதல் மடலை அதற்கே கொடுத்துவிடு. பவர் பத்திரத்தில் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அத்தாட்சி வாங்க வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். இதைத் தவறவிட்டுவிட்டுப் பதிவு அன்று அலுவலக வாசலில் தவித்து நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலம் வாங்க அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமா இடம் கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்து எழுது. பண்ணை நிலம் என்று ஆசை காட்டுகிறவர்கள் அதை வாய் திறந்து சொல்லமாட்டார்கள்.

இன்னொரு மாதம் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பற்றி எழுது. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் புரமோட்டர் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் காசு கட்டாமலே பார்க்கலாம் என்பதும் தெரியாது. எந்த இடத்தில் சர்வே எண் போடுவது, எத்தனை வருஷத்துக்குப் பார்ப்பது என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுக் காட்டு. உன் மனைக்கு மட்டுமல்ல, எவர் மனைக்கும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

மழை விஷயத்தை நான் ரொம்பவே வலியுறுத்துவேன். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரத்தில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. மனை பார்க்க வருகிறவர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனதில் அந்தக் கேள்விதான் ஓடும். நவம்பரில் கனமழை பெய்த மறுநாள் காலையிலேயே உன் லேஅவுட்டுக்குப் போ. நுழைவு ரோடு, கால்வாய் ஓரம், தாழ்வான மூலை மூன்றையும் படம் எடு. தண்ணீர் நின்றால் எவ்வளவு நின்றது, எப்போது வடிந்தது என்று எழுது. உங்கள் முதலாளி தயங்குவார். அவரிடம் உட்கார்ந்து பேசு. தண்ணீர் நிற்கிற மூலையை மறைத்து விற்றால், வாங்கியவர் அதைத் தன் அலுவலகம் முழுக்கச் சொல்லுவார்.

யாரோ விற்கிற மெயில் பட்டியலைக் காசு கொடுத்து வாங்காதே. உன்னிடம் கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்பு. ஒருவர் முகவரி இன்னொருவர் கண்ணில் படக் கூடாது. வேண்டாம் என்றால் உடனே விலகிக்கொள்ள மடலின் கீழே வழி வை. மனையைப் பற்றி எழுதினால் ரெரா பதிவு எண் கட்டாயம் இருக்க வேண்டும்.

பதில் வந்தால் அன்றைக்கே நீயே எழுது, ஆபீஸ் பையனிடம் விடாதே. ‘அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன், ஊருக்கு வர இன்னும் நாளாகும்’ என்று ஒருவர் எழுதினால், அங்கே மனை விலையை எடுக்காதே. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேள். பிறகு அதைக் குறித்து வைத்துக்கொள். ஏற்கெனவே வாங்கியவர்களையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதே. உட்பிரிவு பட்டா, வீட்டு வரிப் பெயர் மாற்றம் என்று அவர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. அதற்கு உதவினால் தம்பியையும் மச்சானையும் அவர்களே உன்னிடம் அழைத்து வருவார்கள்.

மடலை மாற்றி எழுதி வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. பவர் பத்திரப் பகுதியை மட்டும் முதலில் உங்கள் வக்கீலிடம் ஒரு முறை காட்டிவிடு.

அன்புடன்,
பெரியப்பா