பழையன காத்தல்

கலம் சிறிதாயினும் பெரிதாயினும் அதனைக் கெடுப்பதற்குப் பெருந்துளை வேண்டுவதில்லை. ஊசித் துளை ஒன்றே போதும். இரவில் நிறுத்தி வைத்த பழைய மோட்டார் வண்டியின் அடியில், காலையில் காசளவு எண்ணெய்க் கறை ஒன்று தோன்றும். வண்டிக்கு உரியவர் அதனைக் கண்டும் காணாதவர் போலச் செல்வார். ‘ஒரு துளிதானே!’ என்று எண்ணுவார். அத்துளியே நாளடைவில் வண்டியின் உயிரைக் குடிக்கும். அதனைத் தொடக்கத்திலேயே அறிந்து அடைப்பவர், குறைந்த செலவில் பழைய வண்டிக்குப் புதுவாழ்வு அளிக்கிறார்.

அமெரிக்க நாட்டில் 1960-களில் வலிமை மிக்க ஒருவகைக் கார்கள் பெருகின. நடுத்தர அளவுள்ள உடலில் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்தி அவற்றை அமைத்தனர். ‘மசில் கார்’ என்பது அவற்றிற்கு வழங்கும் பெயர். அவற்றைப் பழுது பார்த்துப் பழைய பொலிவுடன் ஓட்டுவதில் அந்நாட்டினர் பெருவிருப்பம் உடையர். தமிழ்நாட்டில் பெட்ரோலும் அரிது, பொருளும் அரிது. ஆதலின் இங்கு விளங்கியவை சிறிய கார்கள். எனினும், ஆர்வம் சிறியதன்று. சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில், இங்கு உருவான சிறு கார்களும் திருத்தியமைக்கப்பெற்று ஓடின. அவற்றுள் ஒன்று ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’.

ஹெரால்டு பிறந்த இடம் தொலைவில் இல்லை. சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் பெருஞ்சாலையில் வண்டலூர் உள்ளது. 1948ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆலை அங்கு இருந்தது. இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டில் ‘டிரையம்ப் ஹெரால்டு’ என வெளிவந்த காரை, அந்நிறுவனம் 1961 முதல் இந்தியாவில் உருவாக்கியது. இத்தாலியரான மிக்கெலோட்டி என்பார் அதன் வடிவத்தை வரைந்தார். அதன் எஞ்சின் நான்கு உருளைகளும் 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. சுமார் 25 அடி விட்டமுள்ள வட்டத்திற்குள் அவ்வண்டி திரும்பிவிடும். பின்னர் நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டும் இந்தியாவில் உருவாயிற்று. 1980-களின் இறுதியில் ஆலையின் உற்பத்தி நின்றது. ஆலை ஓய்ந்தது, ஆனால் அதன் வண்டிகளுள் சில இன்றும் வாழ்கின்றன. அவற்றை வாழவைப்பவை பட்டறைக் கைகளே.

செங்கற்பட்டில் வாழும் ஒருவர், நெடுங்காலம் கொட்டகையில் கிடந்த ஹெரால்டு ஒன்றை வாங்கினார் எனக் கொள்க. அவர் கையில் உள்ள பொருளோ சிறிது. முதலில் எதற்குச் செலவிடுவது? பளபளக்கும் வண்ணப் பூச்சுக்கே பலர் மனம் ஓடும். அது பிழை. ஓடும் வண்டியை நிறுத்த இயலாவிடின் அழகால் பயன் என்ன? ஆகவே பிரேக்கும், டயரும், பெட்ரோல் குழாய்களும் முதலிடம் பெறும். அடுத்தது எஞ்சின், அதன்பின் துருப்பிடித்த அடிச்சட்டம், வண்ணப் பூச்சு இறுதியிலேயே வரும். இவ்வரிசையை மாற்றியவர் ஒரே வேலைக்கு இருமுறை பொருள் கொடுப்பர்.

எஞ்சினில் எண்ணெய் கசிகிறது. எங்கிருந்து கசிகிறது? துளி சொட்டும் இடம் வேறு. ஊறும் இடம் வேறு. மேலே ஊறும் எண்ணெய் பக்கச் சுவரில் வழிந்து, ஓடும்போது எழும் காற்றால் பின்னோக்கித் தள்ளப்பட்டு, அடியில் எங்கோ சொட்டும். சொட்டும் இடத்தை மட்டும் கண்டு பழுது பார்ப்பவர் ஏமாறுவர். எனவே, குளிர்ந்த எஞ்சினை முதலில் நன்கு துடைத்துத் தூய்மை செய்து உலர்த்துதல் வேண்டும். பின்னர்ச் சாக்குக்கட்டித் தூளை மெல்லியதாகத் தூவி, வண்டியைச் சிறிது தொலைவு ஓட்டி நிறுத்துதல் வேண்டும். வெண்மையான தூளில் ஈரக்கோடு ஒன்று தெரியும். அக்கோட்டின் மேல் நுனியே கசிவின் ஊற்று. இச்சோதனைக்கு ஆகும் செலவு மிகச் சிறிது, பயனோ பெரிது.

கசிவுக்குக் காரணங்கள் பல. எஞ்சினின் மேல்மூடிக்கும், அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்கும் தக்கையாலாகிய ‘பேக்கிங்’ இடப்பட்டிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தக்கை காய்ந்து சுருங்கும். கசிவைக் கண்டவுடன் போல்ட்டை மேன்மேலும் முறுக்குவது பலரது வழக்கம். அதனால் தொட்டியின் மெல்லிய தகட்டு விளிம்பு போல்ட்டுத் துளைகளைச் சுற்றி வளைந்துவிடும். கசிவு மிகுமேயன்றிக் குறையாது. தொட்டியைக் கழற்றி, விளிம்பை மெல்லத் தட்டிச் சமன் செய்து, புதிய பேக்கிங் இட்டு, எல்லாப் போல்ட்டுகளையும் சிறிது சிறிதாக ஒரே அளவில் இறுக்குவதே முறை. வலிமையால் ஆகாதது பொறுமையால் ஆகும்.

மற்றொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது. எஞ்சினுக்கும் மூச்சுக்குழாய் உண்டு. பிஸ்டன் வளையங்களைத் தாண்டி உள்ளே இறங்கும் ஆவி அதன் வழியே வெளியேறும். அக்குழாய் அழுக்கால் அடைபட்டால், உள்ளே அழுத்தம் மிகுந்து எண்ணெயை இடுக்குகள் வழியே வெளியே தள்ளும். அந்நிலையில் பேக்கிங்கும் ஆயில் சீலும் எத்தனை முறை மாற்றினும் பயனில்லை. குழாயைத் தூய்மை செய்தாலே கசிவு நிற்கக் கூடும். அப்பொழுதும் நில்லாவிடின், உருளைகளின் அழுத்தத்தை அளவுகருவியால் சோதித்து, வளையங்கள் தேய்ந்தனவா என அறிதல் வேண்டும். நோய் நாடாது மருந்து கொடுத்தல் மனிதருக்கும் தீது, எந்திரத்திற்கும் தீது.

கசிவைப் பொருட்படுத்தாதவர் அடையும் இழப்பு பெரிது. எண்ணெய் குறைந்தால் பேரிங்குகள் சூடேறித் தேயும். இறுதியில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். பின்பக்கத்துக் கசிவு கிளச்சை நனைத்தால் அது வழுக்கும். சூடான புகைக்குழாயின்மேல் எண்ணெய் விழுந்தால் தீப்பற்றவும் கூடும். சில ரூபாய்ப் பேக்கிங்கை மாற்றத் தயங்கியவர், பின்னர் எஞ்சின் முழுவதற்கும் விலை கொடுப்பர்.

இனி அடிச்சட்டத்தின் நிலையைக் காண்க. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடற்காற்று ஓயாது வீசும். அதில் கலந்துள்ள உப்பு ஈரத்தோடு சேர்ந்து இரும்பை விரைந்து துருப்பிடிக்கச் செய்யும். ஆயின் ஹெரால்டுக்கு ஒரு நற்பேறு உண்டு. அதன் அடிச்சட்டம் தனி. உடலோ போல்ட்டுகளால் இணைத்த பல பகுதிகளால் ஆயது. பழுதான பகுதியை மட்டும் கழற்றித் துருவை வெட்டி நீக்கி, நல்ல தகடு வைத்துப் பற்றவைக்கலாம். துருவின்மீது பூச்சுப் பூசி மறைத்தல் ஆகாது. மறைந்த துரு உள்ளேயிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்தபின், கடற்கரைக்குச் சென்று திரும்பும் ஒவ்வொரு முறையும் அடிப்பகுதியை நன்னீரால் கழுவுதல் நன்று.

இந்நெறி இரும்புக்கு மட்டும் உரியதன்று. எட்டாம் நூற்றாண்டில் எழுந்த மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் கல்லையும் உப்பு அரிக்கிறது. தொல்லியல் துறையினர் அலையைத் தடுக்கக் கோயிலைச் சுற்றிப் பாறைகளை அடுக்கினர். காகிதக் கூழைக் கல்லின்மீது அப்பி, உள்ளே புகுந்த உப்பை உறிஞ்சி எடுத்தனர். அழகு செய்தல் அவர்தம் நோக்கமன்று. கேட்டின் காரணத்தை நீக்கி, இருப்பதை இருந்தவாறே காப்பதே நோக்கம். பட்டறையில் பழைய வண்டியைப் பேணுவோர்க்கும் அதுவே நெறி.

அரசும் இந்நெறியைப் போற்றுகிறது. முதற்பதிவு முதல் 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, அடிச்சட்டத்திலும் உடலிலும் எஞ்சினிலும் பெருமாற்றம் இன்றிப் பழைய வடிவிலேயே காக்கப்பெறும் வண்டிகளுக்குத் தனிப்பதிவு வழங்க, 2021ஆம் ஆண்டில் இந்திய அரசு விதி வகுத்தது. 1960-களில் சாலைக்கு வந்த ஹெரால்டுகள் இன்று அவ்வெல்லையைக் கடந்து நிற்கின்றன.

வண்டலூரில் பல்லாயிரம் கைகள் உழைத்து உருவாக்கியவை அவ்வண்டிகள். அவற்றுள் ஒன்று மீண்டும் ஓடும்போது, ஓய்ந்துபோன ஆலையின் உழைப்பும் உடன் ஓடுகிறது. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. காலையில் வண்டியின் அடியில் குனிந்து நோக்கும் கண்ணும், துளியின் ஊற்றைத் தேடும் பொறுமையும் இருந்தால் போதும்.